முகஸ்துதி செய்யாத பெட்டி

கதை எழுதுகிறவனுக்கும் ஒலிபெருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

இக்காலத்தில் கிட்டார் பழகும் இளைஞர்கள் வீட்டில் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது, மைக் இருக்கிறது. பிறகு எழுகிற கேள்வி, "எந்த மானிட்டர் வாங்குவது?" என்பதுதான். மானிட்டர் என்றால் இங்கே பதிவு செய்த வாசிப்பைக் கேட்டுக் குறை நிறை பார்க்கும் ஒலிபெருக்கி. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. ரசிகர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பெட்டிதான் அதன் கதாநாயகன். தோற்றுப்போன கதாநாயகர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பட்சபாதம்.

வீட்டிலே கிட்டார் பதிவு செய்வது புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் லெஸ் பால் என்ற மேதை, 1940களில் ஹாலிவுட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். ஒரு பகுதியை வாசித்து இசைத்தட்டில் பதிவார். அதை ஓடவிட்டு, கூடவே அடுத்த பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து வேறொரு தட்டில் பதிவார். இப்படி அடுக்கடுக்காக எட்டுக் கிட்டார் பகுதிகளை ஒருவரே வாசித்து உருவாக்கிய 'லவர்' 1948இல் வெளிவந்தது. இதில் ஒரு சங்கடம். ஒவ்வொரு நகலிலும் ஒலி கொஞ்சம் மங்கும். ஆகவே முக்கியமில்லாத பகுதிகளை முதலில் பதிந்து, பிரதானமானதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். எது எவ்வளவு மங்குகிறது என்று தெரிந்தால்தானே இந்தக் கணக்குப் போட முடியும்? கேட்கும் கருவி ஒளித்துவிட்டால் காது என்ன செய்யும்?

பெரிய ஸ்டூடியோக்களில் அப்போது ராட்சத ஒலிபெருக்கிகளின் ராஜ்யம். 1940களில் வந்த ஆல்டெக் லான்சிங் 604 அவற்றில் பேர்போனது. பதினைந்து அங்குலக் கூம்பு. அதன் நடுவிலேயே மேல் ஸ்தாயிக்கு ஒரு குழல். ஜமீன்தார் போல் உட்கார்ந்து அது முழங்கும்போது எந்தப் பாட்டும் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டை வாங்குகிறவர் வீட்டில் ஜமீன்தாரா இருக்கிறார்? சின்ன ரேடியோவும் காரின் ஒலிபெருக்கியும்தான். ஸ்டூடியோவில் கர்ஜித்த பாட்டு அங்கே போய் முனகிற்று.

இதற்குப் பரிகாரமாக 1970களில் ஆரட்டோன் என்னும் சிறு பெட்டி ஸ்டூடியோக்களில் இடம் பிடித்தது. கனசதுரப் பெட்டி, உள்ளே ஒரே ஓர் ஒலிபெருக்கி. இனிமை என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. ஆனால் சாமான்யன் வீட்டில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று அது சொல்லிவிடும்.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். 1978இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், அகிரா நகமுரா என்பவர் வடிவமைத்த என்.எஸ்.10 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டது. கறுப்புப் பெட்டி, வெள்ளைக் காகிதக் கூம்பு. வீட்டில் புத்தக அலமாரியில் வைத்துச் சங்கீதம் கேட்பதற்காகச் செய்தது. ரசிகர்களிடம் அது எடுபடவில்லை. ஒலி கரடுமுரடாக இருக்கிறது, கீழ் ஸ்தாயி போதவில்லை என்றார்கள்.

ஆனால் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் பாப் கிளியர்மவுண்டன் போன்றவர்கள் பயன்படுத்தவே, 1980களில் உலகத்து ஸ்டூடியோ மேஜைகளில் எல்லாம் அந்த வெள்ளைக் கூம்புகள் தலை நீட்டின. மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது என்று, அதை ஒலிக்கும் ட்வீட்டரின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. குறை சொல்லிக்கொண்டே அதனுடன் குடித்தனம் நடத்தினார்கள்!

காரணம் என்ன? அந்தப் பெட்டியில் நடு ஸ்தாயி சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். பாடகர் குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். அங்கே உள்ள கோளாறு அதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இன்னொரு காரணத்தை 2001இல் ஃபில் நியூவெல், கீத் ஹாலண்ட் முதலியோர் ஆராய்ந்து சொன்னார்கள். மூடிய பெட்டியானதால், சுரம் நின்றவுடன் அதுவும் நின்றுவிடும். பல பெட்டிகளைப் போல வால் நீட்டி முழங்காது. அது முழு உண்மையைச் சொல்லிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறையை மறைக்கத் தெரியாதது அதன் குணம். கூம்புக்கு வேண்டிய காகிதக் கூழ் கிடைக்காமல் 2001இல் உற்பத்தி நின்றது. 2008இல் அதற்காகவே யமஹாவுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

கிட்டார்க்காரர்கள் இந்தச் சரித்திரத்தை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மின்சாரக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஒலிபெருக்கி அலங்காரம் செய்வதற்கென்றே பிறந்தது. உச்ச ஸ்தாயியை வெட்டிவிட்டு, கரகரப்பையும் அழகாக்கித் தரும். அது வாத்தியத்தின் ஒரு பாகம். அதோடு பழகிய காது, மானிட்டரிடமும் அதே உபசாரத்தை எதிர்பார்க்கிறது. அங்கேதான் ஆபத்து.

மற்றொரு முகஸ்துதிக்காரன், அறையே. கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஏழடி அகலமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய்வந்து பெருகுவது ஏறக்குறைய 80 அதிர்வில்! அந்தத் தந்தியைத் தட்டினால் அறையே கூடப் பாடும். ஓரிடத்தில் உட்கார்ந்தால் இடி, மற்றோரிடத்தில் ஒன்றுமில்லை. சின்ன அறைக்குப் பெரிய பெட்டி வாங்கினால் இந்தக் கூத்து அதிகமாகும். ஐந்தங்குல ஊஃபர் உள்ள ஜோடி போதும். மூலையில் தள்ளாமல், இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமைய, ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். பெட்டியின் துவாரம் பின்புறம் இருந்தால் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது, நூறு முறை கேட்ட நல்ல பதிவு ஒன்றையும், சுமாரான பதிவு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வாசிப்பே அந்தச் சுமாரான பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தத்தின் அளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவது உயர்வாகத் தோன்றும், அது காதின் பலவீனம். பிறகு தணிந்த ஒலியில் கேளுங்கள். இரண்டு பதிவுகளும் தேனாக இனித்தால் அந்த ஜோடியை வாங்காதீர்கள். நல்லது நன்றாகவும், மோசமானது மோசமாகவும் எதில் கேட்கிறதோ, அதற்குப் பணத்தைக் கொடுங்கள்.

கதாசிரியனுக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "அற்புதம்!" என்பவர்கள் எனக்குப் பலர் உண்டு. "நாலாம் அத்தியாயத்தில் தூக்கம் வந்தது" என்று சொல்பவர் ஒரே ஒருவர். அவரிடம் பிரதியைக் கொடுக்க இன்றும் எனக்குப் பயம். ஆயினும் அவர் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.