டி. கே. பட்டம்மாள் குடும்பம்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் கிராமத்தை வேராகக் கொண்ட கர்நாடக இசைக் குடும்பம். காஞ்சியில் 1919-இல் பிறந்த பட்டம்மாளின் முதலெழுத்துகள் 'தாமல் கிருஷ்ணசாமி' என்பதன் சுருக்கம். தாயாருக்கும் பாட்டு வரும். மேடையேறவில்லை, அந்தக் காலம் அப்படி. மகள் 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி செய்தார்.

ஆண்களின் களமாகக் கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியைக் கச்சேரியில் துணிந்து பாடியதால் 'பல்லவி பட்டம்மாள்' ஆனார். பெண்களுக்கு வாசிப்பதைத் தவிர்த்துவந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் அவருக்கு வாசித்தார். பிறகு இரு குடும்பங்களும் சம்பந்திகளாயின! 'நாம் இருவர்' (1947) படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்கள், சபாப் பக்கம் எட்டிப்பாராதவர்களையும் எட்டின.

தம்பி டி. கே. ஜெயராமன் (1928–1991) அக்காவிடம் கற்று, அவருடன் சேர்ந்து பாடியே வளர்ந்தவர். பின்னர் தனி வழி கண்டார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அக்காவுக்கு 1970-இலும் தம்பிக்கு 1990-இலும் கிடைத்தது. ஒரே வீட்டில் இரண்டு என்பது அரிது.

பட்டம்மாளின் மகன் சிவகுமாரும் ஜெயராமனின் மகன் வைத்தியநாதனும் மிருதங்கக் கலைஞர்கள். பட்டம்மாளின் மருமகள் லலிதா, மணி ஐயரின் மகள், பாடகி. பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் 'ஜீன்ஸ்' (1998) வழியே திரையிசை ரசிகர்களுக்கும் அறிமுகமானார். பட்டம்மாள் 2009-இல் மறைந்தார்.