விழுப்புரம் - திண்டிவனம் வட்டார இலக்கியத்தில் கொடை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளைச் சார்ந்த தமிழ் இலக்கியத்தில் சங்க காலம் முதல் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள் கொடை. இதற்கு முதன்மைச் சான்று, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை.

இதன் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது ஊரான கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. கடையெழு வள்ளல்களையும் வரிசைப்படுத்தி, அந்த எழுவர் சுமந்த ஈகைப் பாரத்தை இவன் ஒருவனே தாங்குகிறான் என்கிறார் புலவர். ஆயினும் பாட்டின் உயிர் பசியைக் காட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பாணன் வீட்டு அடுக்களையில் கறையான் அரித்த சுவர், புழுதியில் காளான். கண் திறவாத குட்டிகள் பாலில்லா மடியைக் கவ்வ, ஈன்ற நாய் பொறாமல் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்க்க நாணிக் கதவடைத்து உண்கிறார்கள். வறுமையின் வெட்கத்தை இவ்வளவு நெருங்கிச் சொன்ன சங்கப் பாடல்கள் சிலவே.

நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு வழியில் எயிற்பட்டினத்துப் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருகின்றனர். வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக்கறியும் கிடைக்கின்றன. அரசனைக் காணுமுன்பே எளியோர் வீடுகள் பாணர் வயிற்றை நிரப்பிவிடுகின்றன. பின்னர் அரசனே அருகில் நின்று உண்பித்துத் தேரும் பரிசிலும் தருகிறான். எயிற்பட்டினம் மரக்காணமே என்பது பெரும்பான்மைக் கருத்து. வேலூரை உப்புவேலூர் என்பாரும் உளர். ஆமூர் எது என்பதில் ஒருமித்த முடிவில்லை. இப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார்.

பக்திக் காலத்தில் திருவாமாத்தூரும் திருவெண்ணெய்நல்லூரும் தேவாரத் தலங்களாயின; இறைவனே கொடையாளியானான்.

அதே திருவெண்ணெய்நல்லூரின் சடையப்ப வள்ளல் கம்பரைப் புரந்தவர். கம்பரின் இராமாவதாரத்தில் வள்ளலின் பெயர் பலவிடத்தும் நன்றியோடு வருகிறது. கம்பர் காலம் 9ஆம் நூற்றாண்டா, 12ஆம் நூற்றாண்டா என்பது விவாதத்தில் உள்ளதால் வள்ளலின் காலமும் அதையே ஒட்டி நிற்கிறது.



இக்காலத்துக்கு வந்தால், விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலய், 1988இல் ‘சனங்களின் கதை’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் வள்ளலுக்கு இடமில்லை. உழைத்து வாழ்ந்த ஊர்ச் சனங்களே பாட்டுடைத் தலைவர்கள்.