‘தெரிந்தே’: ஒரு சொல்லும் ஒரு டன் தோரியமும்

கொரியப் போர்நிறுத்தம் கையெழுத்தான 1953 ஜூலை மாதத்தில், இந்தியாவிலிருந்து சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட் போலந்து நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் சீனாவை நோக்கிச் சென்றது. அளவில் அது அற்பமான சரக்கு. ஆயினும் இந்தியாவுக்கான அமெரிக்கப் பொருளுதவி முழுவதும் நின்றுவிடக்கூடிய நிலையை அது தோற்றுவித்தது.

காரணம், 1951இல் அமெரிக்கா இயற்றிய பரஸ்பரப் பாதுகாப்பு உதவிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அலபாமா உறுப்பினர் லாரி பேட்டிலின் பெயரால் அது பேட்டில் சட்டம் என்றே வழங்கப்பட்டது. அமெரிக்க உதவி பெறும் நாடு, தடைப்பட்டியலில் உள்ள பொருளைச் சோவியத் அணி நாடுகளுக்கு அனுப்பத் ‘தெரிந்தே’ இடமளித்தால் உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். சில பொருள்களுக்கு அதிபர் விலக்களிக்கலாம். படைக்கலங்களுக்கும் அணுசக்திப் பொருள்களுக்கும் அவருக்கே அந்த அதிகாரம் கிடையாது. தோரியம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தோரியம் இந்த இடத்தை அடைந்த வரலாறு சுவையானது. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் அள்ளும் தொழில் அதன் பின்னரே தொடங்கிற்று. (அவ்வூர் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.) அந்நாளில் தோரியத்தின் பயன், எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்கு ஒளியூட்டுவது. தோரியம் நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறும் என்பது தெரியவந்தபின், விளக்குத்திரிச் சரக்கு போர்த்திறச் சரக்காயிற்று. 1946இல் திருவிதாங்கூர் சமஸ்தானமே மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1948ஆம் ஆண்டின் இந்திய அணுசக்திச் சட்டம் இத்தகைய பொருள்கள் மீதான கட்டுப்பாட்டை நடுவண் அரசின் கையில் வைத்தது. ஆக, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் கொள்கை இந்தியாவுக்குப் புதிதன்று; நேரு மறுத்தது பிறநாட்டுச் சட்டமொன்று இந்திய வணிகத்தின் எல்லையை வரையறுப்பதை மட்டுமே. அரசியல் நிபந்தனையோடு வரும் உதவி வேண்டியதில்லை என்பதே அவர் நிலை.

டல்லஸுக்கோ உதவியை நிறுத்த விருப்பமில்லை; சட்டமோ விலக்குத் தரவில்லை. எஞ்சியது அந்த ஒரு சொல். இந்தியா சட்டத்தைத் ‘தெரிந்தே’ மீறவில்லை என்று பொருள்கொண்டால், தண்டிக்கும் கடமை எழாது. அவ்வாறே பொருள்கொள்ளப்பட்டது. உதவி தொடர்ந்தது, இந்தியத் தோரியம் நைட்ரேட்டை அமெரிக்காவே வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. இந்தியா பேட்டில் சட்டத்துக்குத் தலைவணங்கியதாக எங்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. சொற்பொருளியல் பயில்வோர் இவ்வழக்கைக் கருத்தில் கொள்ளலாம்: வினை நிகழ்ந்தது என்பதில் இருதரப்புக்கும் ஐயமில்லை; வினையடை பொருந்துமா என்பதில்தான் அரசதந்திரம் முழுவதும் அடங்கியிருந்தது.

பின்னர் நிலை தலைகீழாயிற்று. 1974 பொக்ரான் சோதனையின் விளைவாக அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானது. இந்தியா கட்டுப்பாட்டின் இலக்கானது. அதே இந்தியா இன்று ‘ஸ்காமெட்’ எனப்படும் தன் பட்டியலின்கீழ் இருபயன் பொருள்களுக்கு உரிமம் வழங்குகிறது. அணுப்பொருள்கள் அடங்கிய பூஜ்ய வகைக்கு அணுசக்தித் துறையும், ஏனையவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககமும் உரிமம் அளிக்கும் அமைப்புகள். 2016 முதல் 2018 வரை ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, வாசனார் உடன்பாடு, ஆஸ்திரேலியக் குழு ஆகிய மூன்றிலும் இந்தியா உறுப்பினராயிற்று.

2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அந்தப் பழைய சொல் மீண்டும் தலைகாட்டுகிறது. பேரழிவு ஆயுத ஆக்கத்துக்குப் பயன்படவுள்ளது எனத் தெரிந்தே எவரும் எப்பொருளையும் ஏற்றுமதி செய்தலாகாது என்கிறது அப்பிரிவு. 2010இல் அயல்நாட்டு வணிகச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளும் அதே நடையில் அமைந்தவை. 1953இல் ஓர் அரசு வெளியேறும் வாயிலாக அமைந்த சொல், இங்கே ஏற்றுமதியாளரைப் பிணைக்கும் கயிறு. பொருள் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இப்பிரிவில் இல்லை.