பெடிகிரி

நாய், குதிரை முதலியவற்றின் முன்னோர் வரிசை. அதைக் காட்டும் சான்றிதழ். தமிழில் கொடிவழி, வம்சாவளி.

பிரெஞ்சில் ‘பியே த க்ரூ’ என்றால் கொக்கின் கால். இடைக்கால வம்ச வரைபடங்களில் பெற்றோர் பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்குப் பிரியும் கோடுகள் கொக்கின் விரல்களைப் போல இருந்ததால் வந்த பெயர் இது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது மனிதக் குடும்பங்களையே குறித்தது; விலங்குகளுக்கு வழங்கியது பிற்பாடுதான்.

நாய் வளர்ப்பில் இச்சொல்லுக்குக் கனம் சேர்த்தது 1873இல் லண்டனில் தொடங்கிய கென்னல் கிளப். 1859 முதல் நடந்த கண்காட்சிகளில் கலந்துகொண்ட நாய்களைத் தொகுத்து, மறு ஆண்டே அது முதல் பதிவேட்டை வெளியிட்டது. ஒரே பெயரில் பல நாய்கள் இருந்து குழப்பம் விளைந்ததால், 1880இல் ஒவ்வொரு நாய்க்கும் பெயர்ப்பதிவு வந்தது. பதிவேடு இருந்தால்தான் கொடிவழி. கொடிவழி இருந்தால்தான் ஓர் இனத்துக்கு அங்கீகாரம்.

நம்மூரில் குட்டி வாங்குவோர் “பேப்பர் இருக்கா?” என்று கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். தாய்வழி, தந்தைவழி முன்னோர் பெயர்கள் அதில் கிளைகிளையாக இருக்கும். ஒரே பெயர் இரு பக்கமும் வந்தால், அது உறவுக்குள் இணைசேர்த்துப் பிறந்த குட்டி. பரம்பரை நோய்க்கு வாய்ப்பு அதிகம். பேப்பர் பிறப்பைச் சொல்லுமே தவிர, உடல்நலத்தைச் சொல்லாது. ஆகவே பெயர்களை நிதானமாகப் படியுங்கள். பிறகு குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.