கலப்பட மருந்து விற்பனைக்கான தண்டனைகள் (இந்தியா)

கலப்பட மருந்தைத் தயாரிப்பதும் விற்பதும் இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் சட்டம் முதல் குற்றமாகும். தொடக்கத்தில் ஆறு மாதச் சிறையாக இருந்த உச்சத் தண்டனை, இன்று ஆயுள் சிறை வரை உயர்ந்துள்ளது.

தொடக்கக் காலம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 274, 275, 276 ஆகிய பிரிவுகள் மருந்தைப் பற்றியவையாக இருந்தன. மருந்தில் கலப்படம் செய்தல், கலப்பட மருந்தை விற்றல், ஒரு மருந்தை வேறொன்றாகக் காட்டி விற்றல் ஆகியவை குற்றங்களாக இருந்தன. அச்சட்டம் நடைமுறையில் இருந்த 2024 வரை, இவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க முடிந்தது. ஆனால் மருந்தின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பு எதையும் அச்சட்டம் ஏற்படுத்தவில்லை.

1930இல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, நாடெங்கும் தரமற்ற மருந்துகள் விற்கப்படுவதை எடுத்துக்காட்டி, தனிச் சட்டமும் ஆய்வுக்கூடங்களும் தேவை எனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1940இல் மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அழகுப் பொருள்களையும் சேர்த்து, அது மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம் எனப் பெயர் மாறியது.

தண்டனை உயர்ந்த விதம்

1964ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தது ஓராண்டு, கூடியது பத்தாண்டுச் சிறை என விதித்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் கலப்பட மருந்தையும் போலி மருந்தையும் தனித்தனியே வரையறுத்தது. உயிருக்கு ஆபத்தான மருந்துக்கு ஐந்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை என்றும் ஆக்கியது.

1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சு கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தனர். 2003இல் மஷேல்கர் குழு, உயிர்ப்பலி வாங்கும் போலி மருந்துக்கு மரண தண்டனை விதிக்கப் பரிந்துரைத்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏற்கவில்லை. எனினும் பின்வருமாறு தண்டனையைக் கடுமையாக்கியது.

* மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கக்கூடிய கலப்பட அல்லது போலி மருந்து: பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பில் மூன்று மடங்கு, இவற்றில் எது கூடுதலோ அந்த அபராதம்.
* பிற கலப்பட மருந்து: மூன்று முதல் ஐந்தாண்டுச் சிறை; குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அல்லது மதிப்பில் மூன்று மடங்கு அபராதம்.

முதல் வகையில், மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நேரக்கூடியதாக இருந்தாலே போதும். அந்த அபராதத் தொகை பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இறந்திருந்தால் உறவினருக்கு, வழங்கப்படும்.

எது கலப்படம்?

அழுகிய அல்லது கெட்டுப்போன பொருள் கொண்டது, தூய்மையற்ற சூழலில் செய்யப்பட்டது, நச்சுப் பொருள் கலந்தது, தரத்தைக் குறைக்கும் வேறு பொருள் சேர்ந்தது ஆகியவை கலப்பட மருந்துகள். வேறொரு மருந்தின் பெயரில் வருவதும், இல்லாத நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வருவதும் போலி மருந்துகள். இவ்விரண்டிலும் அடங்காமல், அளவில் குறைந்த தரக்குறைவான மருந்துக்குத் தண்டனை பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டு வரைதான். எனவே ஒரு மருந்து எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதே தண்டனையின் அளவைத் தீர்மானிக்கிறது.

வழக்கும் மெய்ப்பிப்பும்

மருந்து ஆய்வாளர் கடையில் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். விற்பவர், அரசுப் பகுப்பாய்வாளர், நீதிமன்றம், தயாரிப்பாளர் ஆகியோருக்கு ஒவ்வொரு பங்கு சேரும். பகுப்பாய்வு அறிக்கையை 28 நாட்களுக்குள் மறுத்தால், மாதிரி கொல்கத்தாவிலுள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்பப்படலாம். அதன் முடிவே இறுதியானது.

உரிமம் பெற்றவரிடம் வாங்கி, முறையாகச் சேமித்து, உரிய கவனம் செலுத்தியும் குறையை அறிய முடியாத கடைக்காரருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. இச்சட்டத்தின் இக்குற்றங்களில் காவல் துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வழக்கின் வலிமை பெரும்பாலும் மருந்து ஆய்வாளரின் பணியைச் சார்ந்தே உள்ளது.

அண்மை நிகழ்வு

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்ததைத் தமிழ்நாடு அரசின் சோதனை கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு மட்டுமே. தயாரிப்பாளரின் உரிமம் ரத்தாகி, உரிமையாளர் கைது செய்யப்பட்டார். ஆயுள் சிறை வரை தண்டனை விதிக்கும் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. மூலப்பொருளைத் தொழிற்சாலையிலேயே சோதிப்பது, தண்டனையைப் போலவே இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.