மேருவின் பெயர் தாங்கிய மலையிற் பனிச்சறுக்கு

மேரு என்னும் பெயர் தமிழ் நேயர்களுக்குப் புதியதன்று. புராணங் கேட்டோரும் பழந்தமிழ்க் காப்பியம் பயின்றோரும் அதனை உலகின் நடுவே நிற்கும் பொன்மலையென அறிவர். அம்மலையின் பெயர் தாங்கிய மலையொன்று யப்பான் நாட்டிலும் உண்டு. சுமேரு என்ற வடசொல்லைச் சீனத்துப் பௌத்த அறிஞர்கள் தம் மொழிக்குக் கொண்டு சென்றபோது, ஒலியைத் தழுவி ஒரு பெயரும், பொருளைத் தழுவி மற்றொரு பெயரும் அமைத்தனர். பின்னையது 'வியத்தகு உயரம்' எனப் பொருள்படும் ஈரெழுத்துப் பெயர். அவ்வெழுத்துக்களை யப்பானியர் 'மியோக்கோ' என வாசிப்பர். நீகாத்தா மாகாணத்தின் தென்மேற்கே நிற்கும் மியோக்கோ மலையின் உயரம் 2454 மீற்றர். இலங்கையின் பிதுருதலாகலையிலும் எழுபது மீற்றர் மட்டுமே தாழ்ந்தது. முற்காலத்தில் துறவிகள் தவம் புரிய ஏறிய அம்மலையின் சரிவுகளில், இக்காலத்தில் மக்கள் காலிற் பலகை பூட்டிப் பனிமேற் சறுக்கி விளையாடுகின்றனர். இவ்விரு காலங்களுக்கும் இடையே நிகழ்ந்தது ஒரு சுவையான வரலாறு.

தோக்கியோ நகரிலிருந்து அங்கே செல்வது இன்று எளிது. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நீட்டிக்கப்பெற்ற அதிவேகப் புகையிரதப் பாதை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பயணியை யோயெற்சு-மியோக்கோ நிலையத்திற் சேர்க்கின்றது. தலைநகரிற் குளிர்ந்தாலும் தெளிந்திருந்த வானம், சுரங்கங்கள் பலவற்றைக் கடந்ததும் சாம்பல் நிறங் கொள்ளுகின்றது. சிறு புகையிரதத்தில் மாறி மலைப்பக்கம் ஏறினால், இருமருங்கும் வெண்பனி சுவரென எழும்பி நிற்கும். பேருந்து சென்று நிற்கும் அக்காகுரா என்னும் சிற்றூரில் வெந்நீரூற்றின் ஆவி மணக்கும் குறுந்தெருவும், குடும்பத்தார் நடத்தும் பழைய விடுதிகளும், அவற்றின் பின்னே உடனே தொடங்கும் மலைச்சரிவுமே உள்ளன. நிசெக்கோ, ஹக்குபா என்னும் புகழ் மிகுந்த தலங்களின் ஆரவாரம் இங்கே குறைவு. அண்மையிலுள்ள செக்கி என்ற இடம் இன்னுஞ் சிறியது. ஆயினும், யப்பானிற் பனிச்சறுக்குக் கலை முறையாகக் கற்பிக்கப்பட்டது இம்மலையை நோக்கி நிற்கும் சமவெளி நகரிலேதான்.

இப்பகுதியிற் பனி மிகுவதற்குக் காரணம் கடலும் காற்றும் மலையும் கூடியமையே. குளிர்காலத்திற் சைபீரியப் பெருநிலத்திலிருந்து வறண்ட குளிர்காற்று புறப்படுகின்றது. யப்பான் கடலிலே தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் ஒன்று பாய்கின்றது. அதன்மேற் கடந்து வரும் காற்று நீராவியை முகந்து கொண்டு, கரையையடுத்த மலைத்தொடரில் மோதி, அந்நீர் முழுவதையும் பனியாகச் சொரிந்துவிடுகின்றது. வெற்றுக் காற்றே மலையைக் கடந்து தோக்கியோவை அடைகின்றது. ஒரே நாட்டில், ஒரே நாளில், மலைக்கு அப்பால் வெயிலும் இப்பாற் பனியும் இருப்பதன் மருமம் இதுவே.

மியோக்கோ மலைக்கு வடக்கே, கடலுக்கு அண்மையிலுள்ள தக்காதா நகரம் இப்பனியின் முழு வலியையும் தாங்கியது. 1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26ஆம் நாள் அங்கே பனியின் ஆழம் 377 சென்ரிமீற்றர் என அளக்கப்பட்டது. இரண்டு ஆட்கள் ஒருவர்மேலொருவர் நின்றாலும் மேல் நிற்பவர் தலையும் மூழ்கிவிடும் ஆழம் அது. பனியில் மூழ்கிய நகரை வழிப்போக்கருக்குக் காட்டுதற்காக, 'இதன் கீழே தக்காதா உள்ளது' எனப் பலகை நாட்டினர் என்று பழங்கதை ஒன்றும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அம்மக்கள் கண்ட உபாயம் இன்றும் கண்ணாற் காணத்தக்கது. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் சொந்த நிலத்தின் முன்பகுதியை விட்டுக் கூரையை நீட்டிக் கட்டினர். அண்டை வீட்டுக் கூரைகள் ஒன்றோடொன்று பொருந்த, தெருவோரம் முழுவதும் பனி படாத நடைபாதை அமைந்தது. 'கங்கி' எனப்படும் அப்பாதையில், தெரு முழுதும் பனியால் அடைபட்ட காலத்திலும் மக்கள் நடமாடினர். இயற்கையின் கொடுமை அயலவரை ஒன்றுபடுத்தியதற்கு அது நல்ல சான்று.

பனி இம்மக்களுக்கு அழகுப் பொருளாக இருக்கவில்லை. இதனைத் தெளிவாக எழுதி வைத்தவர் சுசுக்கி பொக்குஷி என்ற வணிகர். 1770ஆம் ஆண்டு பிறந்த அவர், அதே மாகாணத்தின் ஷியொசாவா என்னும் ஊரிலே துணி வாணிகம் செய்தவர். 'ஹொக்குயெற்சு செப்பு' என்னும் அவருடைய பனிநாட்டு நூல், நீண்ட காலக் காத்திருப்பின் பின்னர் 1837ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. சிறிது பனி பெய்யும் நாட்டார் அதனைக் கண்டு மகிழ்ந்து விருந்தயர்கின்றனர். தம் நாட்டாரோ கூரை முறியாமற் பனியை வாரிக் கொட்டுவதிலேயே உடலும் பொருளும் தேய்கின்றனர் என்பது அவர் நூலின் உள்ளுறை. அக்காலத்தில் மரக்கொம்பை வளைத்துக் கட்டிய 'கஞ்சிக்கி' என்னும் வளையத்தைக் காலிற் கட்டிக்கொண்டு, புதையாமல் நடந்தனர். பனிமேல் நடக்க அறிந்திருந்தனரேயன்றி, அதன்மேல் விரைந்தோட அறிந்திலர்.

அறியாமையின் விலை எத்துணைப் பெரியதென்பதை 1902ஆம் ஆண்டு சனவரி மாதம் நாடு உணர்ந்தது. வடக்கே அவொமோரியிலிருந்து 210 படைவீரர் குளிர்காலப் பயிற்சிக்காக ஹக்கோதா மலையை நோக்கிப் புறப்பட்டனர். பனிப்புயலில் வழி தவறி, இடுப்பளவு பனியில் உழன்று, உறைந்து மடிந்தனர். பிழைத்தவர் பதினொருவர், மாண்டவர் 199 பேர். அந்நாட்களிலேயே ஹொக்காயிதோ தீவின் அசாஹிக்காவா நகரிற் சுழியத்தின் கீழ் 41 பாகை என்ற குளிர்நிலை பதிவாயிற்று. யப்பானிய அளவீட்டு வரலாற்றில் அதுவே மிகத் தாழ்ந்தது. பகைவரின்றியே ஒரு படை அழிந்த செய்தி தளபதிகளின் உள்ளத்தைச் சுட்டது.

மூன்றாண்டுகளின் பின் உருசியப் பேரரசை யப்பான் போரில் வென்றது. சிறிய கீழைத்தேசம் ஒன்று பெரிய வல்லரசை வென்ற விதத்தைக் கற்றறிய ஐரோப்பிய அரசுகள் தம் அதிகாரிகளை அனுப்பின. அவ்வாறு ஒஸ்திரிய-அங்கேரிப் பேரரசிலிருந்து 1910ஆம் ஆண்டின் இறுதியில் வந்தவரே மேஜர் தியோதோர் பொன் லேர்ச். அவர் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளிற் பனிச்சறுக்குப் பயின்றவர். தக்காதாவில் நிலைகொண்டிருந்த பதின்மூன்றாம் படைப்பிரிவின் தளபதி நாகாவோகா கைஷி, அவருடைய ஆற்றலை அறிந்து அதனைப் பயன்படுத்த எண்ணினார். இவ்வாறு, மாணவராக வந்தவர் ஆசிரியரானார்.

1911ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் காலாட்படையின் அதிகாரிகள் முதற் பாடத்தைப் பெற்றனர். பலகையைக் காலிற் பூட்டுமாறு லேர்ச் பிரெஞ்சு மொழியில் 'மெத்தே லெ ஸ்கி' என ஏவினார் என்றும், கேட்டிருந்தோர் அத்தொடர் முழுவதையுமே அக்கருவியின் பெயராகக் கொண்டனர் என்றும் கூறுவர். பின்னர்ப் பயிற்சி நகரையடுத்த கனயா குன்றிற்கு மாறியது. லேர்ச் கற்பித்தது நீண்ட மூங்கிற்கோல் ஒன்றையே இரு கையாலும் பற்றிச் சமநிலை காக்கும் முறை. ஒஸ்திரியாவிலே மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பார் செங்குத்தான சரிவுகளுக்கென வகுத்த முறை அது. விழுந்தும் எழுந்தும் அதிகாரிகள் அதனைக் கற்றனர்.

நாகாவோகா கைஷி தம் நீண்ட மீசைக்குப் பெயர் பெற்றவர். அவருடைய நோக்கமும் மீசையைப் போன்றே நீண்டது. கலை பாசறைக்குள் அடங்கிவிட அவர் விரும்பவில்லை. பனியாற் சிறைப்பட்ட பொதுமக்களே அதனால் முதற்பயன் அடைய வேண்டும் என எண்ணினார். ஆசிரியர்களும், தபாற் சேவகர்களும், அதிகாரிகளின் மனைவியரும் பலகை பூட்டினர். சறுக்குச் சங்கம் எழுந்தது. தக்காதாவின் மரவேலைக்காரர் ஐரோப்பிய மாதிரியைப் பார்த்துத் தாமே பலகை இழைத்தனர். யப்பானியச் சறுக்குப் பலகைத் தொழில் அவ்வாறு அந்நகரில் வேரூன்றியது. லேர்ச் 1912ஆம் ஆண்டு அசாஹிக்காவாவிற்குச் சென்று ஹொக்காயிதோவிலும் அக்கலையை விதைத்தார். 1923ஆம் ஆண்டு அகில யப்பான் போட்டி முதன்முறையாக ஒதாருவில் நடைபெற்றது. நோர்வே நாட்டாரின் இரட்டைக் கோல் முறை படிப்படியாகப் பரவி, லேர்ச்சின் ஒற்றைக் கோல் வழக்கொழிந்தது.

வரலாற்றின் முரண்பாடு ஒன்றை இங்கே கருதுதல் தகும். லேர்ச் சேவித்த ஒஸ்திரிய-அங்கேரிப் பேரரசு 1918ஆம் ஆண்டு சிதறுண்டது. தக்காதாவின் பதின்மூன்றாம் படைப்பிரிவு 1925ஆம் ஆண்டுப் படைக்குறைப்பிற் கலைக்கப்பட்டது. லேர்ச் 1945ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வியன்னாவிற் காலமானார். போருக்கெனக் கற்பித்தோரும் கற்றோரும் மறைந்தனர். கலை மட்டும் மக்களிடம் நிலைத்தது. கனயா குன்றில் அவருக்குச் சிலை உண்டு. முதற் பாடம் நடந்த சனவரி 12ஆம் நாளை யப்பானியர் பனிச்சறுக்கு நாளெனக் கொண்டாடுகின்றனர்.

மலையடியிலுள்ள அக்காகுராவின் கதை இதனோடு இணைகின்றது. மியோக்கோ மலையின் உட்பள்ளத்திலிருந்து வெந்நீரைக் குழாய் வழியே கீழே கொணர்ந்து, 1816ஆம் ஆண்டு தக்காதாச் சிற்றரசு அமைத்த ஊர் அது. 'தேநீர் நூல்' என்னும் ஆங்கில நூலால் உலகறிந்த ஒகாகுரா காக்குசோ, அவ்வூரின் காட்சியில் ஈடுபட்டு 1906ஆம் ஆண்டு அங்கே இல்லம் அமைத்தார். முன்னர் இந்தியாவிற்குச் சென்று விவேகானந்தரோடும் தாகூர் குடும்பத்தாரோடும் பழகிய அவர், 1913ஆம் ஆண்டு செத்தெம்பர் 2ஆம் நாள் அக்காகுராவிலேயே உயிர் நீத்தார். பாரத தேசத்தின் மெய்ப்பொருளை நாடிச் சென்ற ஒருவர், மேருவின் பெயர் தாங்கிய மலையடியிற் கண் மூடியமை பொருத்தமே. 1937ஆம் ஆண்டு, வெளிநாட்டுப் பயணிகளை வரவழைக்க அரசு ஊக்குவித்த விடுதிகளுள் ஒன்று அம்மலைச்சரிவிலே திறக்கப்பட்டது. வேனிலில் நோய் தீரக் குளிக்க வந்த ஊர், மாரியிற் சறுக்க வரும் ஊராகவும் மாறியது.

இம்மாற்றத்தின் ஆழ்ந்த பயன் குடும்பங்களிற் காணப்பட்டது. பனிநாட்டு உழவர் நெல் அறுத்த பின்னர் ஐந்து மாதம் தொழிலற்றவர். ஆதலின் ஆடவர் பலர் தொலைநகர்களின் அரிசி மது வடிக்கும் சாலைகளுக்கு வேலை தேடிச் செல்வர். மனைவியரும் முதியோரும் பனியோடு போராடி அவர்களை எதிர்பார்த்திருப்பர். பயணிகள் வரத் தொடங்கியதும் வீடு விடுதியாயிற்று. உழவர் சறுக்கு ஆசானாகவும், மலையில் ஆட்களை ஏற்றும் கம்பி இழுவையின் காவலராகவும் ஊரிலேயே தங்கினர். தந்தையைப் பிரித்த பனியே தந்தையை வீட்டில் நிறுத்தியது.

1956ஆம் ஆண்டு இத்தாலியின் கோர்த்தினாவிற் சிஹாரு இகாயா வெள்ளிப் பதக்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் யப்பான் பெற்ற முதற் பதக்கம் அதுவே. 1972ஆம் ஆண்டு சப்போரோவிலும் 1998ஆம் ஆண்டு நாகனோவிலும் அவ்விழாக்கள் நிகழ்ந்தன. இடையே, 1987ஆம் ஆண்டு வெளிவந்த 'என்னைச் சறுக்க அழைத்துச் செல்' எனப் பொருள்படும் திரைப்படம் இளைஞரை மலைகளுக்கு இழுத்தது. 1990களிற் சறுக்குவோர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி எண்பது இலட்சத்தைத் தொட்டது. பின்னர்ப் பொருளாதாரம் தளர்ந்தது. இளைஞர் தொகையும் குறைந்தது. இன்று சறுக்குவோர் அத்தொகையில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. மியோக்கோ மலைப்பகுதியின் அராய் என்னும் பெருந்தலம் 2006ஆம் ஆண்டு மூடப்பட்டுப் பதினோராண்டின் பின்னரே மீளத் திறக்கப்பட்டது. இன்று அமைதியெனப் பயணிகள் பாராட்டுவதில் ஒரு பங்கு, மக்கள் குறைந்தமையால் வந்த அமைதி என்பதை மறத்தலாகாது.

அண்மைக் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் முதலீட்டாளரும் அம்மலையை நாடுகின்றனர். மூடிய விடுதிகளுள் மீண்டும் விளக்கு எரிகின்றது. அதனோடு நிலத்தின் விலையும் ஏறுகின்றது. பனியும் முன்போல் உறுதியானதன்று. 2019-20 குளிர்காலத்தில் யப்பான் கடற்கரை மாகாணங்களிற் பனி என்றுமில்லாதவாறு குறைந்தது; அடுத்த சனவரியிலோ, சில நாட்களுக்குள் தக்காதாவில் இரண்டு மீற்றருக்கு மேற் குவிந்து, மூப்படைந்தோரே நிறைந்த தெருக்களைத் திணறச் செய்தது. கூரைப் பனியை வாரும் வேலை, பொக்குஷி எழுதிய நாளிற் போலவே, இன்றும் உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகவே உள்ளது.

ஆகவே, மியோக்கோ மலையிற் சறுக்கச் செல்வோர் ஒன்றை உணர்ந்து செல்லுதல் நன்று. விருந்தினருக்கு விளையாட்டாக உள்ள அவ்வெண்பனி, ஊராருக்குச் சுமையும் சோறுமாக உள்ளது. தக்காதாவின் தெருவோரத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தம் நிலத்திற் சிறிது விட்டு அமைத்த கூரைப்பாதை, வழிப்போக்கர் அனைவருக்கும் உரியது. அதன் கீழ் நடப்பவர் தலையிற் பனி விழுவதில்லை. அப்பனியைத் தாங்குவது யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரை.