பேரன் என்றால் பெயரன்

காவேரிக்கரைக் குடும்பம் ஒன்றின் வமிசாவளியை எழுதப் புகுந்தவர் முதலில் முட்டிக்கொள்வது பாட்டனாரிடந்தான். பேரன் என்பதே 'பெயரன்' என்ற சொல்; பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். மூத்த பிள்ளைக்குத் தகப்பன்வழிப் பாட்டன் பெயர். ஆகவே ராமசாமி மகன் சுப்பிரமணியன், அவன் மகன் ராமசாமி, அவன் மகன் மறுபடியும் சுப்பிரமணியன்! சிராத்தத்தில் மூன்று தலைமுறை சொல்கிறார்களே என்று நம்பிப் போனால், மூத்தவர் வழியில் கிடைப்பது இரண்டே பெயர்.

போதாக்குறைக்கு நம்முடைய வருஷங்களும் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருகின்றன. 1854 சித்திரையில் பிறந்த ஆனந்த வருஷம் 1914 சித்திரையில் மறுபடியும் பிறந்தது. வீட்டுக் கணக்கு நோட்டில், 'ஆனந்த வருஷம், ராமசாமிக்குக் கொடுத்த நெல்' என்று இருந்தால் வாங்கியவர் பாட்டனா, பேரனா? நோட்டை எத்தனை தரம் புரட்டினாலும் பதில் வராது. நான் அப்போது நோட்டை மூடிவிட்டு அந்த வீட்டுப் பாட்டியைத் தேடுவேன்.

காரணம் இருக்கிறது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரையே தன் பிள்ளைக்கு வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகப் பிறந்ததுதான் வீட்டுப் பெயர். அம்பி, குஞ்சு, சாமா என்று ஏதாவது ஒன்று. பாட்டனையும் பேரனையும் பிரித்துக் காட்டுவது அதுதான். பத்திரத்தில் ஏறாததும் அதுதான். பாட்டி போனால் அதுவும் போயிற்று.

ஒரே ஒரு வீட்டுப் பெயர் மட்டும் உலகத்தையே வென்றுவிட்டது. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் மகனை 1871ல் மாயூரத்தில் (1982 முதல் மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு விட்டார். பையன் பெயர் வேங்கடராமன். வீட்டில் வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் விசாரித்தார். சாமிநாதன், சுருக்கி, சாமா. அன்று முதல் ஆசிரியருக்கு அவர் சாமிநாதன், தமிழுக்கும் அப்படியே. வேங்கடராமனைத் தேடுகிறவர் 1887ல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பில் அவரைக் காணமாட்டார்!

கோயில் பெயர்களும் துப்புச் சொல்லும். அபயாம்பாள் என்றால் மாயூரத்து அம்மன். தையல்நாயகி என்றால் வைத்தீசுவரன் கோயில் வேண்டுதலாக இருக்கலாம். என்னைத் தயங்க வைப்பது குப்புசாமி. முன்பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து வைக்கிற பெயர் அது. பாட்டன் பெயரும் குப்புசாமிதானா என்று முதலில் பார்ப்பேன். இல்லையென்றால், அவனுக்கு முன்னே பெயர் கேட்காமல் போன குழந்தைகளுக்காக வமிசாவளியில் ஒரு கோடு கிழித்து, இடத்தை வெறுமனே விட்டு வைப்பேன்.